கணவாய் போன அன்று ரேடியோ பாடவில்லை

பிள்ளைகளா, போன வாரம் உங்களில் சின்னவன் சரித்திரப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு சண்டையில் ஒரு யுத்தமே திசை மாறிப் போனது என்று அதில் ஒரு வரி வந்தது. "அது எப்படிப்பா, ஒரு நாள்ல அம்புட்டும் மாறும்?" என்று என்னைக் கேட்டான். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். "மாறும்டா" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அதனால்தான் இந்த நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் சீனாக்காரனோடு சண்டை நடந்ததும், அதில் உங்கள் சித்தப்பா இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டையின்போது நான் இங்கே நம் ஊரில் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

எனக்கும் என் தம்பிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எங்கள் ஆத்தாளும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியபோது, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினேன். நெஞ்சளவு கொஞ்சம் குறைந்தது. "மூச்சப் புடிடா, மூச்சப் புடி" என்று வேலிக்கு வெளியே இருந்து நான் சைகை காட்டினேன். அவன் பிடித்தான். எடுத்துவிட்டார்கள். அந்த மூச்சை நான் பிடிக்கச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

அந்த வருஷம் பாஸ்குப் பண்டிகை, அதுதான் ஈஸ்டர், கழிந்து அவனுக்கு நம் ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. லீவு முடிந்து அவன் போனபோது உங்கள் சித்திக்கு நம் வீடு பழகக்கூட இல்லை. கார்த்திகை பிறந்தபோது அவளுக்கு ஆறு மாதம்.

அப்போது நான் பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ போடுகிற வேலையும் பார்த்துவந்தேன். உங்களுக்கு இன்றைக்கு வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர். அன்றைக்கு ஊருக்கே ஒரு ரேடியோ. பஞ்சாயத்து ஆபீசின் உள்ளே ஒரு மரப்பெட்டிக்குள் அது இருக்கும். பெட்டிக்குப் பூட்டு. சாவி இரண்டு: ஒன்று என் இடுப்பில், இன்னொன்று தலைவர் வீட்டில். வெளியே வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் கொழாய் கட்டியிருந்தது. சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி, பாட்டு, ஏழு மணிக்கு மேல் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. நான் முதலில் கொழாயை இணைக்காமல் உள்ளே மட்டும் சத்தம் குறைத்து வைத்து ஸ்டேஷனைப் பிடிப்பேன். கரகரப்பு போனதும் வெளிக் கொழாய்க்கு ஒயரை மாட்டுவேன். அந்த வழக்கத்தால், ஊர் கேட்பதற்கு முன்பே நான் ஒருவன் கொஞ்சம் கேட்டுவிடுவேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊரில் யார் வீட்டிலாவது சாவு என்றால், உடலை எடுக்கிறவரை ரேடியோ பாடக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. துக்க வீட்டுக்கு மரியாதை, அவ்வளவுதான். ஏழு மணிக்குக் கொழாய் சத்தம் கேட்கவில்லை என்றால் வயற்காட்டில் நிற்கிறவன்கூட "யாருப்பா போனது?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். சண்டை தொடங்கிய சமயத்தில் தெற்குத் தெருவில் ஒரு தாத்தா இறந்துபோனார். ஒன்றரை நாள் ரேடியோ இல்லை.

"கெழவன் சாகுறதுக்கு நேரம் பாத்தான் பாரு" என்று டீக்கடைக்காரர் புலம்பினார். "சீனாக்காரன் எந்த ஊருக்கு வந்திருக்கான்னே தெரியல."

"வந்தா ஒன் கடைலதான் டீ குடிப்பான்" என்றார் ஒருவர்.

"குடிச்சா திரும்பிப் பாக்காம ஓடிருவான். சண்ட முடிஞ்சுரும்" என்றார் மற்றவர்.

சிரித்தோம். ஐப்பசியில் சிரிக்க முடிந்தது. சண்டை எங்கோ தூரத்தில், நாங்கள் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மலையில் நடந்தது. அப்புறம் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

எங்கே இருக்கிறேன் என்று பட்டாளத்தில் எழுத விடமாட்டார்கள். அவன் எழுதியிருந்தது இதுதான்: 'அண்ணே, நம்ம நார்த்தாமலை மேல இன்னொரு நார்த்தாமலை, அது மேல இன்னொண்ணுன்னு பத்து பதினஞ்சு அடுக்குனா எம்புட்டு ஒசரமோ அம்புட்டு ஒசரத்துல நிக்கிறோம். மூச்சு வாங்குது. பக்கத்துல இருக்கிற குளம் கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்கு. ரோடு ஒண்ணே ஒண்ணுதான், அது இந்த எடத்துலதான் மலையத் தாண்டுது. இத விட்டா கீழ தடுக்க ஒண்ணுமில்லன்னு எங்க சுபேதார் சொல்றாரு.' அதற்கு மேல் இரண்டு வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பூகோளப் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, செய்தியில் அடிக்கடி வரும் ஒரு பெயரைச் சொன்னார். சேலா. அது ஒரு கணவாய். படத்தில் அந்தப் பெயர் இல்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"ஒறஞ்ச குளம், ஒத்த ரோடு. ஒங்க தம்பி இங்கதான் இருக்கணும்" என்றார். "எல்லாரும் டெல்லி டெல்லின்னு பேசுறாங்க. எனக்கென்னமோ இந்தப் புள்ளிதான் சண்டையே. இது நின்னா வடக்க இருக்குற மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்ல. இது போச்சுன்னா…" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் புள்ளி கண்ணை விட்டுப் போகவில்லை. வரப்பில் நடந்தால் வரப்பில், சோற்றில் கை வைத்தால் சோற்றில் தெரிந்தது. நான் வாத்தியார் சொன்னதை வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் சித்தி எப்படியோ தெரிந்துகொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போகிறவள் போலக் குடத்தோடு வந்து, ஆபீசுக்கு எதிரே கோயில் படி ஓரத்தில் உட்காருவாள். செய்தி முடியும்வரை இருப்பாள். செய்தியில் சேலா என்று சொல்லி, நம் படை உறுதியாக நிற்கிறது என்று சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவாள். குடம் பல நாள் காலியாகவே வீட்டுக்குப் போனது.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை. மதியத்திலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. வேப்பமரத்தடியில் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பத்து இருபது பேர் நின்றார்கள். உங்கள் சித்தி கோயில் தாழ்வாரத்தில் இருந்தாள். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, வழக்கம்போலச் சத்தத்தைக் குறைத்து, காதை வைத்து ஸ்டேஷனைப் பிடித்தேன்.

முதல் வரியே அதுதான். சேலா நம் கையை விட்டுப் போய்விட்டது.

அடுத்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒயர் என் கையில் இருந்தது. அதை மாட்டினால் வெளியே கொழாய் அலறும். அவள் ஆறு மாத வயிற்றோடு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அக்காளுக்கு இப்படி ஒரு அதிர்ச்சியில்தான் பிள்ளை தங்காமல் போனது என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தாள். நான் ரேடியோவை நிறுத்தினேன்.

நிறுத்தினால் மட்டும் போதாது என்று உடனே தோன்றியது. சத்தம் வரவில்லை என்றால் தலைவர் வீட்டிலிருந்து சாவி வரும். யாராவது வந்து திருகிவிடுவார்கள். பின் பலகையைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடி பல்பு மாதிரி இருக்கிற வால்வுகள் இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன. பெரியதாக இருந்த ஒன்றைத் துண்டால் பிடித்து அசைத்துப் பிடுங்கினேன். துண்டையும் மீறி விரல் சுட்டது. சுருட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"வால்வு போயிருச்சு" என்றேன்.

யார் முகத்தையும் பார்க்கவில்லை. மழைக்காகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வயற்காட்டு வழியாக நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், ஓடினேன் என்பதுதான் நிஜம். மடை தாண்டும் இடத்தில் சேறு வழுக்கி வயிறு அடிபட விழுந்தேன். மடியில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து தொட்டுப் பார்த்தேன். துண்டுக்குள் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தது.

செய்தியை ஒரு நாள் தள்ளிவைக்கலாம், அதற்குள் அவளிடம் பக்குவமாகச் சொல்லலாம், பிறகு வால்வை மாட்டிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கு மடையிலேயே உடைந்துபோனது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களில் மூத்தவள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தேன்.

விடிந்தபோது வாசலில் அழுகைச் சத்தம் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு பெண்கள். தலையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். நம் வீட்டுக்குத்தான். பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா பாவி, செய்தி வந்ததுமே சொல்லிருக்கக் கூடாதா? புள்ளத்தாச்சின்னு மறைச்சிட்டியா?"

"என்ன செய்தி, அத்தே?"

"ரேடியோவ நிறுத்திப்புட்டு, தலைல சாக்கப் போட்டுக்கிட்டு வயக்காட்டு வழியா ஓடுனியே. எதுக்கு ஓடுன?"

"வால்வு போயிருச்சு, அத்தே. அம்புட்டுத்தான்."

"ஆபீசுல லைட்டு எரிஞ்சுச்சே?"

"லைட்டுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது ஒனக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ரேடியோ நின்னா எழவு."

அப்போதுதான் நான் செய்த காரியம் என்னவென்று எனக்கே உறைத்தது. செய்தியை மறைக்க ரேடியோவை நிறுத்தினேன். நிறுத்தியதே செய்தியாகிவிட்டது. ஊருக்குள் யாரும் சாகவில்லை, ஆனால் ரேடியோ போடுகிறவன் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். அவன் தம்பி சண்டையில் இருக்கிறான். இதை வைத்து அவர்கள் வேறு என்ன நினைத்திருக்க முடியும்?

"இல்ல, அவனுக்கு ஒண்ணும் ஆகல. கணவாய்தான் போயிருக்கு. ஆளுகளப் பத்தி ஒண்ணுமே சொல்லல" என்று கத்தினேன். நிஜத்தைத்தான் சொன்னேன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது. நம் பக்கத்தில் சாவுச் செய்தியை எடுத்த எடுப்பில் யாரும் சொல்வதில்லை அல்லவா? முதலில் உடம்பு சரியில்லை என்பார்கள், அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பார்கள். ஆள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நிஜம். நான் "கணவாய் போச்சு" என்றது அவர்கள் காதில் முதல் படியாக விழுந்தது. அழுகை இரண்டு மடங்கானது.

அந்த நேரத்தில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் நனைந்த குடையோடு வந்து, மெல்ல என் காதில், "மணி அடிச்சிரலாமாப்பா?" என்று கேட்டார். துக்க மணி. அதை அடித்துவிட்டால் சுற்று வட்டம் எல்லாம் கேட்கும், ஆவூரிலிருந்துகூட ஆள் வந்துவிடும். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கோயில் பக்கம் திரும்பினார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடி, மணிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்குறேன். அவன் உசுரோட இருக்கான்."

"ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. கயிற்றை மட்டும் விடவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, சாயங்காலம் வரைக்கும் பாப்பம்" என்று போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பெண்களுக்கு நடுவே உங்கள் சித்தி சுவரோடு சாய்ந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒருத்தி அவள் தலையில் இருந்த பூவை எடுக்கக் கையை நீட்டினாள். அவள் அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"அத்தான், ரேடியோவப் போடுங்க. என் காதால கேட்டுக்குறேன். அது வரைக்கும் நான் அழமாட்டேன். இவுகளையும் அழ வேண்டாம்னு சொல்லுங்க."

நான் என்னத்தைப் போடுவது? மடியில் கண்ணாடித் தூள் இருந்தது. "வால்வு வாங்கிட்டு வாரேன்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

கீரனூர் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் சண்டையைத் தவிர வேறு பேச்சு இல்லை. அசாம் போய்விட்டது என்றார் ஒருவர். கல்கத்தாவில் ரயிலில் இடம் கிடைக்காமல் ஜனங்கள் தவிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஒரே கணவாய்தான் போனது. ஆனால் முந்தின வாரம் வரை "நாமதான் ஜெயிப்போம்" என்று மார்தட்டிய ஜனங்கள், அன்றைக்கு, கையில் இருக்கிற நெல்லை விற்கலாமா புதைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளா, நான் அந்தப் பஸ்ஸில் பார்த்ததுதான் சின்னவன் கேட்டதற்குப் பதில் என்று நினைக்கிறேன். இரண்டாயிரம் மைல் தள்ளி ஒரு மலையில் ஒரு இடம் போயிற்று. கீரனூர்ப் பஸ்ஸில் ஒரு பெரியவர் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் உடைந்த தூளைக் கொட்டிக் காட்டினேன். கடைக்காரர் அடிப்பாகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இது தானாப் போனதில்லையே. ஒடச்சிருக்கீங்க."

"கை தவறிருச்சு."

"நாளைக் காலைல திருச்சிலேருந்து பஸ்ஸுல வரும். இருந்து வாங்கிட்டுப் போங்க."

இருந்தேன். ராத்திரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கிடந்தேன், தூங்கவில்லை. சாயங்காலம் வரை பார்ப்போம் என்று உபதேசியார் சொன்னது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் எப்போதோ போய்விட்டது. மணி அடித்துவிட்டார்களா, அவள் அந்தச் சத்தத்தில் விழுந்துவிட்டாளா, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று விடியும்வரை புரண்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. சீனாக்காரன் சண்டையை நிறுத்துகிறானாம், தானாகவே. டீக்கடையில் யாரும் சந்தோஷப்படவில்லை. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

"ஜெயிச்சவன் எதுக்குய்யா நிறுத்துறான்?" என்றார் ஒரு கண்டக்டர்.

"அதான் பயமா இருக்கு" என்றார் டீ ஆற்றுகிறவர்.

புதன்கிழமை பொழுது சாய வால்வோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். மணி அடிக்கவில்லை. அவள் அடிக்க விடவில்லை என்று உங்கள் அம்மா சொன்னாள். வேப்பமரத்தடியில் ஊரே நின்றது. வால்வை மாட்டினேன். இந்த முறை உள்ளே வைத்து முன்கூட்டிக் கேட்கவில்லை. கொழாயை மாட்டிவிட்டுத்தான் திருகினேன். எனக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது. சண்டை நிறுத்தம் என்றார்கள். சேலாவில் இருந்தவர்களைப் பற்றி முழு விவரம் இன்னும் கிடைக்கவில்லை என்றார்கள். அத்தோடு முடிந்தது.

அவள் கொழாய்க்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவுக பேரச் சொல்லலையே, அத்தான்."

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்ப இருக்காகன்னு வச்சுக்கிறவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அதில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு மூன்று வாரத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. போஸ்ட்மேன் நம் தெரு முனைக்கு வந்ததும் சைக்கிள் மணியை அடிக்காமல் உருட்டிக்கொண்டு போவார். அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுத என்னால் ஆகாது. ஊரில் ஒருவரும் எங்களிடம் சிரித்துப் பேசவில்லை. சிரித்தால் தப்பாகிவிடுமோ என்று அவர்களுக்கும் பயம்.

ஒரு நாள் கடிதம் வந்தது. நான் கவரைப் பார்த்தேன். கையெழுத்து அவனுடையது இல்லை. பட்டாளத்தில் ஆள் போய்விட்டால் மேலதிகாரி எழுதுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து என் கையிலிருந்து வாங்கி, அவளே கிழித்தாள். தமிழ்தான். கூட இருந்த ஒரு மதுரைப் பையன் எழுதியிருந்தான். 'அண்ணன் அவர்களுக்கு, நான் சுகம். பனியில் கைவிரல் மரத்துப் போனதால் நண்பன் எழுதுகிறான். இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். கவலைப்பட வேண்டாம்.'

அப்போதுதான் அவள் அழுதாள். அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு வந்த பெண்களெல்லாம் திரும்ப வந்தார்கள். "உசுரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரி வச்சுட்டோம்டி. இனிமே அவனுக்கு நூறு வயசு" என்று அத்தை சிரித்தாள்.

"வச்ச ஒப்பாரிக்குக் காப்பி போடு" என்றாள் இன்னொருத்தி.

மாசி மாதம் தம்பி லீவில் வந்தான். பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் கண்மாயில் குளித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் அந்தக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். நான் கேட்காமலேயே சொன்னான்.

"அண்ணே, அந்த எடத்துல நாங்க பலமாத்தான் இருந்தோம். குண்டு இருந்துச்சு, சோறு இருந்துச்சு. பின்னாடி ரோட்ட சீனாக்காரன் அறுத்துட்டான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அப்பறம் ஒயர்லெஸ்ல சத்தம் இல்ல. போன் எடுத்தா சத்தம் இல்ல. கீழ என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. சத்தம் இல்லன்னா என்ன நெனப்பம்? அங்கிட்டு எல்லாரும் செத்துட்டாகன்னுதான் நெனச்சோம். அப்பறம் எறங்கச் சொன்னாக, எறங்குனோம். எறங்குற வழியிலதான் ஆளுக அதிகமாப் போனது."

"அங்கேயே நின்னிருந்தா?"

"அத யாருண்ணே சொல்ல முடியும்? எங்களுக்குப் பின்னாடி இருந்த எடமெல்லாம், நாங்க போயிட்டம்னு கேட்டே காலியாயிருச்சாம். ஒம்போது நாள் காட்டுல நடந்தேன். வழியில ஒருத்தரு குடுத்த மக்காச்சோளம்தான்." காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டே, "ஒங்க மேல கோவமா இருந்துச்சு" என்றான். "மூச்சப் புடிக்கச் சொன்னீங்கள்ல. அத நெனச்சுக்கிட்டேதான் நடந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் 'சத்தம் இல்லை' என்று சொன்னதிலேயே நான் நின்றுவிட்டேன். ரேடியோ விஷயம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அன்று மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் சித்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க பெட்டிக்குப் பின்னாடி கையவிட்டு எதையோ புடுங்கி மடியில கட்டுனத நான் சன்னல் வழியாப் பாத்தேன். லைட்டு எரிஞ்சுதுல்ல."

சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"ஊர்ல யாருட்டயும் சொல்லல. இவுகள்டயும் சொல்லல. எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். ஆனா அத்தான், நீங்க அத மடியில கட்டுன நிமிசத்துலருந்து கடுதாசி வர்ற வரைக்கும், இவுக செத்துட்டாகன்னு நீங்க காதால கேட்டுட்டீங்கன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வால்வு வாங்கியாந்து போட்டப்பறமும், அதுக்கு முன்னாடி கேட்டதச் சொல்லாம வச்சிருக்கீங்கன்னுதான் நெனச்சேன். 'இருக்காகன்னு வச்சுக்கிறவா'ன்னு கேட்டேன்ல. நீங்க பேசவே இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னொரு வாட்டி சண்ட வந்தா, எம்புட்டுக் கெட்ட சேதியா இருந்தாலும் கொழாயிலேயே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்துபோனாள். அதன்பிறகு இதுநாள் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை மூன்று வருஷத்தில் மறுபடியும் வந்தது, வேறு பக்கமாக. விரல் போன காலுக்காக ஸ்டோர் வேலையில் போட்டிருந்தார்கள் என்றாலும் தம்பி அப்போதும் போனான், திரும்பியும் வந்தான்.

அன்றைக்கு அவள் உள்ளே போனதும் நான் கையைக் கழுவிவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். வெயில் நேரம், தெருவில் யாரும் இல்லை. ரேடியோப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தூசியைத் துண்டால் துடைத்தேன். பெட்டியை மூடினேன், பூட்டவில்லை. வெளியே வந்து, கதவு நிலைக்குப் பக்கத்தில், யாருக்கும் எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணியைக் கல்லால் அடித்தேன். இடுப்பில் இருந்த சாவியை அவிழ்த்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.